‘முனிசிபல்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதிச் செயலியைச் சோதித்தபோது

ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, வங்கிக் கடனுக்குக் கேட்கப்படும் ஆவணப் பட்டியல், கிரயப் பத்திரம், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனு என்று நாள்தோறும் கைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல், ஏதாவது ஓர் உள்ளாட்சி அமைப்பின் பெயரைச் சுமந்துகொண்டுதான் வரும். தடித்த அகராதிகளைப் புரட்டும் நேரம் மிச்சமாகுமே என்று எண்ணி, ஆண்டுக்கு 599 ரூபாய் சந்தா செலுத்தி, ஓர் ஆங்கில – தமிழ் அகராதிச் செயலியைக் கைபேசியில் நிறுவிக்கொண்டேன். நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை இது. செயலியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் குறைகள் இந்த வகைச் செயலிகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், ஒன்றை மட்டும் கூண்டில் நிறுத்துவது முறையாகாது. நூறு சொற்களை நுனிப்புல் மேய்வதைவிட ஒரே சொல்லை ஆழத் தோண்டிப் பார்ப்பது நல்ல சோதனை என்று தோன்றியதால், எனக்குத் தலைகுனிவை உண்டாக்கிய சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: ‘முனிசிபல்’.

தலைகுனிவு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொங்குப் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர், வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதற்காக, வங்கியின் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கொடுத்த ஆவணப் பட்டியலைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருந்தார். அதில் ஐந்தாவது வரியாக ‘நடப்பாண்டு முனிசிபல் வரி ரசீது’ என்னும் பொருளில் ஒரு தொடர் இருந்தது. செயலியைத் தட்டினேன், ‘நகராட்சி சார்ந்த, நகராட்சிக்குரிய’ என்று வந்தது. நானும் யோசிக்காமல் ‘நகராட்சி வரி ரசீது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பேருந்து பிடித்துப் பக்கத்து ஊரிலிருக்கும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அரை நாள் வரிசையில் நின்று, கடைசியில் ‘இந்த வரிவிதிப்பு எண்ணே எங்கள் கணக்கில் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டார். மறுநாள் என்னிடம் வந்து, “தம்பி, நம்மூரு டவுன் பஞ்சாயத்துங்க. முனிசிபாலிட்டி பக்கத்து ஊர்லதானுங்க இருக்கு” என்று சொன்னபோது, அவர் குரலில் கோபம் இல்லாததே எனக்கு அதிகமாக உறைத்தது. வழக்கறிஞர் எழுதிய ஆங்கிலச் சொல்லில் பிழையில்லை. அந்தச் சொல் பேரூராட்சியையும் அடக்கும். அதற்கு ஈடாக நான் எழுதிய தமிழ்ச் சொல்தான் அடக்காது. பிழையில் பாதி என்னுடையது என்பதை மறுக்கவில்லை. மீதிப் பாதி அந்தச் செயலியின் பதிவில் இருக்கிறது.

பதிவின் அமைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லைத் தட்டச்சு செய்ததும் ஒலிப்பு இரண்டு வகையாகக் கேட்கிறது. கீழே சொல்வகை, பொருள், இணைச்சொற்கள், எதிர்ச்சொற்கள், சொற்பிறப்பு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் என்று வரிசையாக விரிகின்றன. எழுத்துரு தெளிவாக இருக்கிறது. இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்கிறது; சார்பதிவாளர் அலுவலகத்தின் உள்ளறையில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே காத்துக்கிடந்தவர்களுக்குத் தெரியும். சந்தா செலுத்திய பிறகு விளம்பரம் எதுவும் குறுக்கே வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சொற்பிறப்புப் பகுதி. லத்தீனில் ‘மூனுஸ்’ என்றால் கடமை, ஊழியம், பொறுப்பு. ‘கப்பேரே’ என்றால் எடுத்துக்கொள்ளுதல். கடமையை ஏற்றுக்கொண்டவன் ‘மூனிசெப்ஸ்’. அப்படிப்பட்டவர்கள் வாழும் ஊர் ‘மூனிசிப்பியும்’. ரோமானியர் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த இத்தாலிய ஊர்கள் பலவற்றுக்கு, உள்ளூர் விவகாரங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் படைக்கு ஆளும் வரியும் தர வேண்டிய கடமையைச் சுமத்தினார்கள். அவற்றுள் சிலவற்றின் மக்களுக்கு ரோமில் வாக்குரிமைகூட இல்லை. இவ்வகை ஊர்களில் முதலாவது, ரோமுக்கு அருகிலுள்ள டஸ்குலம் என்றும் அது நடந்தது பொ.ஆ.மு. 381 என்றும் மரபாகச் சொல்வர். செயலி இவற்றை நான்கே வரிகளில் பிழையின்றித் தருகிறது.

இதைப் படித்ததும், நம் பக்கத்து மொழிகள் இந்தச் சொல்லை எப்படி ஆக்கிக்கொண்டன என்று பார்க்கத் தோன்றியது. தெலுங்கில் ‘புரபாலக சங்கம்’, இந்தியில் ‘நகர்பாலிகா’, கன்னடத்தில் பெருநகரங்களுக்கு ‘மகாநகர பாலிகெ’. மூன்றிலும் காத்தல் என்னும் பொருள் நிற்கிறது. மலையாளத்தில் ‘நகரசபை’, அங்கே அவையாகக் கூடுதல் என்னும் பொருள் நிற்கிறது. தமிழிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ‘நகரசபை’தான் பெருவழக்கு, ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் ராஜாஜியும் வகித்த பதவியைக் குறிக்கும்போது ‘நகரசபைத் தலைவர்’ என்று எழுதியவர்கள் பலர். பிறகு வந்த ‘நகராட்சி’யில் ஆளுதல் முன்னுக்கு வந்துவிட்டது. ரோமானியனுக்குக் கடமையாக இருந்தது, ஆந்திரத்தில் காவலாகி, நம்மிடம் ஆட்சியாக வந்து நின்ற விந்தையை ஓர் அகராதி சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சொன்னால் சுவையாக இருந்திருக்கும்.

இனிப் பொருள் பகுதிக்கு வருவோம். கோளாறு தொடங்கும் இடம் அது. ‘நகராட்சி’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு இன்று இரண்டு வாழ்க்கை இருக்கிறது. ஒன்று பொதுவானது: 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நகர்ப்புறங்களில் இயங்கும் எல்லா உள்ளாட்சி அமைப்புகளையும் ‘முனிசிபாலிட்டி’ என்ற ஒரே ஆங்கிலப் பொதுப்பெயரின் கீழ்க் கொண்டுவந்தது; அந்தப் பொதுப்பெயரைத் தமிழில் ‘நகராட்சிகள்’ என்றே எழுதுகிறோம். அந்தப் பெயருக்குள், ஊரகத் தன்மையிலிருந்து நகரத் தன்மைக்கு மாறிவரும் பகுதிக்கு நகர் பஞ்சாயத்து, சிறிய நகர்ப்பகுதிக்கு ஒரு மன்றம், பெரிய நகர்ப்பகுதிக்கு மாநகராட்சி என்று மூன்று அடுக்குகள் வைக்கப்பட்டன. இரண்டாவது வாழ்க்கை குறுகியது: தமிழ்நாட்டில் ‘நகராட்சி’ என்று பலகை மாட்டியிருக்கும் அமைப்பு அந்த மூன்றில் நடுவில் உள்ளது மட்டுமே. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. பின்னர் புதுக்கோட்டை, காரைக்குடி போன்ற ஊர்களும் மாநகராட்சிகளாகின. ஆங்கிலச் சொல் இந்த எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘நகராட்சி சார்ந்த’ என்று செயலி தரும் விளக்கமோ, படிப்பவர் மனத்தில் அந்த 138இல் ஒன்றைத்தான் நிறுத்தும். எண்ணிக்கையில் மிகுதியான பேரூராட்சிகளில் வாழ்பவர்கள் எல்லோரும் என்னிடம் வந்த முதியவரைப் போலப் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

சட்டம் இயற்றுபவர்களே இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பழைய சட்டத்தின் பெயர் 1920ஆம் ஆண்டின் தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம். 1998இல் இயற்றப்பட்டு, இடையில் பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் பெயரோ ‘தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்’. மூன்று அடுக்குகளையும் ஒரே வலையில் பிடிக்க ‘நகர்ப்புற உள்ளாட்சி’ என்ற தொடரே பொருத்தமாக இருக்கிறது. செயலியின் பதிவில் இந்தத் தொடர் எங்கும் இல்லை. இந்த ஒன்றைச் சேர்த்திருந்தாலே என் வரி ‘நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புக்குச் செலுத்திய சொத்து வரி ரசீது’ என்று அமைந்திருக்கும். முதியவரும் தம் ஊர்ச் செயல் அலுவலரிடமே போயிருப்பார்.

அடுக்கு மாறினால் சொல் மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள குடும்பமே மாறுகிறது என்பதையும் செயலி கண்டுகொள்ளவில்லை. மாநகராட்சியின் தலைவர் மேயர். அழைப்பிதழில் நெடுங்காலம் ‘வணக்கத்திற்குரிய மேயர்’ என்று எழுதிவந்தார்கள். அதன் அவை மாமன்றம். உறுப்பினர் மாமன்ற உறுப்பினர். நகராட்சிக்கு வந்தால் நகர்மன்றத் தலைவர், நகர்மன்ற உறுப்பினர். பேச்சில் சேர்மன், கவுன்சிலர். மாநகராட்சியிலும் நகராட்சியிலும் அதிகாரி ஆணையாளர். பேரூராட்சியில் செயல் அலுவலர். ‘முனிசிபல் கவுன்சிலர்’ என்ற தொடரைச் செயலியில் கொடுத்தால் ‘நகராட்சி ஆலோசகர்’ என்று வருகிறது. வாக்குக் கேட்டு வீதி வீதியாக நடந்து வென்ற ஒருவரை, மன ஆறுதல் சொல்லும் ஆலோசகராக்கிவிட்டது அது. இதே வகையில், போக்குவரத்துக் கழகம், நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆகியவற்றில் ‘கழகம்’ ஆகும் ‘கார்ப்பரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லே ஊர்ப் பெயரோடு வரும்போது ‘மாநகராட்சி’ ஆகிறது என்னும் அடிப்படை வேறுபாட்டையும் அது அறியவில்லை. அதன் எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றில் ‘அரசுப் போக்குவரத்து மாநகராட்சி’ பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறது.

‘மாநகராட்சி’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘முனிசிபல் கார்ப்பரேஷன்’ என்னும் பெயரின் இரண்டாம் பகுதி அளவைக் குறிப்பதன்று; பட்டயத்தாலோ சட்டத்தாலோ உருவான, வழக்குத் தொடுக்கவும் சொத்து வைத்திருக்கவும் உரிமையுள்ள ஒரு சட்ட உருவைக் குறிப்பது. சென்னையில் அது 1687 டிசம்பர் 30 நாளிட்ட பட்டயத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அன்றைய மதராஸ் இன்றைய கணக்கில் மாநகரம் என்று சொல்லத்தக்க ஊரே அன்று. தமிழில் அந்தச் சட்ட உருவைக் குறிக்கும் பகுதி உதிர்ந்து, ‘மா’ என்ற ஓரெழுத்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து, உரிமையைப் பருமனாக மாற்றிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லாக்கத்தில் இது அழகான குறுக்கு வழி. ஆனால் சொல்லைப் பகுதி பகுதியாகப் பெயர்க்கும் இயந்திரம் இங்கே தடுக்கி விழுந்தே தீரும் என்பதற்கு இது சான்று. செயலி இரண்டையும் தனித்தனியே பெயர்த்து ‘நகராட்சி மாநகராட்சி’ என்று காட்டுகிறது.

இணைச்சொற்கள் பகுதியில் எட்டுச் சொற்கள் இருக்கின்றன; எட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்துக்கொள்ளத்தக்கவை போல, ஒரே நிறத்தில், காற்புள்ளி இட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘சிவிக்’ என்பது ‘முனிசிபல்’ என்பதற்கு நெருங்கிய உறவுதான். செய்தித்தாள்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதும். தமிழில் அதற்கு ‘குடிமை’ என்று தருகிறது செயலி. நம் வழக்கில் குடிமைப் பொருள் என்றால் நியாயவிலைக் கடை. குடிமைப் பணி என்றால் மாவட்ட ஆட்சியராக ஆசைப்படுபவர் எழுதும் தேர்வு. ‘குடிமை வசதிகள்’ என்று ஒரு மனுவில் எழுதினால், அதைப் படிப்பவர் சாக்கடையையும் தெருவிளக்கையும் நினைக்க மாட்டார், அரிசியைத்தான் நினைப்பார். அங்கே ‘அடிப்படை வசதிகள்’ என்பதே நாம் எல்லோரும் எழுதும் தொடர்.

‘மெட்ரோபாலிட்டன்’ என்பதற்குப் ‘பெருநகர்’ என்று தந்திருப்பது சரி. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் அது அந்தப் பொருளில்தான் நிற்கிறது. ஆனால் குழுமம் வேறு, மாநகராட்சி வேறு. ஒன்று நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது, மற்றொன்று வரி வாங்கிக் குப்பை அள்ளுவது. போதாக்குறைக்கு, ‘பெருநகர சென்னை மாநகராட்சி’ என்ற அலுவல்பூர்வப் பெயரிலுள்ள ‘பெருநகர’ என்பது ‘கிரேட்டர்’ என்பதன் தமிழாக்கம். ஒரே தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக, ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று வேறான இரண்டு அமைப்புகளின் பெயரில் நிற்கிறது. கட்டட அனுமதிக்கு அலைந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை அகராதி சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக மொழிபெயர்க்க வருபவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

‘அர்பன்’ என்பதை இணைச்சொல்லாகக் கொண்டது இன்னும் ஆழமான தவறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்பதும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தியும் கொண்ட ஊரை நகரமாகக் கணக்கிடுகிறது. அந்த ஊரை ஆள்வது ஊராட்சியாகவே இருக்கலாம். அதாவது நகர்ப்புறம் உண்டு, நகராட்சி இல்லை. இந்த இடைவெளி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2000ஆம் ஆண்டில் வந்த குப்பை விதிகளின் பெயர் ‘நகராட்சித் திடக்கழிவு’ என்று தொடங்கியது. 2016இல் அவற்றுக்கு மாற்றாக வந்த விதிகளின் பெயரில் ‘நகராட்சி’ இல்லை, வெறும் ‘திடக்கழிவு மேலாண்மை விதிகள்’ என்றுதான் இருக்கிறது. கணக்கெடுப்பு நகரங்கள், தொழில் நகரியங்கள், ரயில்வே, விமான நிலையங்கள் என்று நகராட்சி எல்லைக்கு அப்பாலும் விதி செல்ல வேண்டியிருந்ததால் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு சொல்லின் எல்லை ஒரு சட்டத்தின் எல்லையாக இருக்கும்போது, அதன் அருகில் ‘நகர்ப்புற’ என்பதை இணைச்சொல்லாகப் போடுவதற்கு ஒரு நெடுந்தயக்கமாவது வேண்டாமா?

‘பரோ’ என்ற சொல்லும் பட்டியலில் இருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் அது உயிருள்ள சொல், நமக்கு வேலையில்லை. ‘பொது’, ‘சமூக’ என்ற இரண்டும் எதற்கும் பொருந்துபவை என்பதால் இதற்கும் பொருந்துகின்றன. எதிர்ச்சொல்லாகத் ‘தனியார்’ என்றும் ‘கிராமப்புற’ என்றும் தந்திருப்பதில், இரண்டும் எந்தப் பொருளுக்கு எதிர் என்று சொல்லாததைத் தவிரக் குற்றமில்லை.

சட்ட ஆவணங்களைத் தொடுபவர்களுக்கு இந்தச் செயலி ஆபத்தாகவே முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பன்னாட்டுச் சட்டம் பற்றிய எழுத்துகளில் ‘முனிசிபல் லா’ என்று வந்தால், அது நகராட்சிச் சட்டத்தைக் குறிக்காது. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம் முழுவதையும் குறிக்கும். 1765இல் வெளிவரத் தொடங்கிய தம் சட்ட விளக்கத்தில் வில்லியம் பிளாக்ஸ்டன் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: இந்தச் சொல் கண்டிப்பாகப் பார்த்தால் ஒரு தனி ஊரின் வழக்கத்தைக் குறிப்பது, ஆனாலும் ஒரு நாட்டின் சட்டத்துக்கும் அதைப் பயன்படுத்துவது தகும் என்று. செயலியில் அந்தத் தொடரைக் கொடுத்தேன். ‘நகராட்சிச் சட்டம்’ என்றது. ஓர் உடன்படிக்கைக்கும் இந்திய உள்நாட்டுச் சட்டத்துக்கும் முரண் வந்தால் எது மேலோங்கும் என்று வாதிடும் பத்தி, இந்தச் செயலியின் வழியாகத் தமிழுக்கு வந்தால், ஐக்கிய நாடுகள் அவைக்கும் ஆம்பூர் நகராட்சிக்கும் நடக்கும் தகராறாக மாறிவிடும். அடிப்படைப் பொருளுக்கு அடுத்தபடியாக எந்தத் தரமான ஆங்கில அகராதியும் தரும் பொருள் இது. செயலியிலோ அதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை.

தமிழ் ஒரே நாட்டில் மட்டும் பேசப்படும் மொழியன்று என்பதும் செயலிக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காணி உறுதி (நிலப் பத்திரம்) ஒன்றை நான் பார்க்க நேர்ந்தபோது, அதிலிருந்த ‘மாநகர சபை’, ‘ஆதன வரி’ ஆகிய இரண்டையும் தலைகீழாக, அதாவது தமிழ்ச் சொல்லைக் கொடுத்து, தேடினேன். முதலாவதற்கு எதுவும் இல்லை, இரண்டாவதற்கு ‘சொத்து’ என்று மட்டும் வந்தது. இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்பனவே அடுக்குகள். கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் வந்தது, யாழ்ப்பாணத்தில் 1949இல். நாம் உள்ளாட்சி என்பதை அங்கே உள்ளூராட்சி என்பர். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தலைமை தாங்குபவர் தவிசாளர். மாநகர சபைக்கு முதல்வர். ‘யாழ். முதல்வர்’ என்ற தலைப்பைத் தமிழ்நாட்டு வாசகர் முதன்முதலாகப் பார்த்தால், ஒரு மாநிலத்தின் முதலமைச்சரைத்தான் தேடுவார். நாம் சொத்து வரி என்பதை அங்கே ஆதன வரி என்று எழுதுகிறார்கள், சோலை வரி என்று பேசுகிறார்கள்.

மலேசியத் தமிழ் நாளிதழ்களில் ‘நகராண்மைக் கழகம்’ இன்றும் உயிரோடு இருக்கிறது; செலாயாங் நகராண்மைக் கழகம் என்று படிக்கும்போது, ஆளுதலைவிட ஆண்மை, அதாவது மேலாண்மை, நெருக்கமாகப் படுகிறது. சிங்கப்பூரில் அங் மோ கியோ நகர மன்றம் மின்தூக்கியையும் புல்தரையையும் பராமரிப்பது. மேயர், மாமன்றம் என்று நாம் பழகிய பொருள் அங்கே பொருந்தாது. தொலைவெல்லாம் எதற்கு, புதுச்சேரிக்குப் போனாலே போதும். 1880இல் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையால் வந்த உள்ளாட்சி முறையின் சுவடாக, வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் ஆகியவை இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’கள். கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து, மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்தை ஊர்க்காரர்கள் ‘மேரி கட்டடம்’ என்கிறார்கள். மாதா கோவிலோடு அதற்குத் தொடர்பில்லை, மேயர் அலுவலகத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் ‘இலங்’, ‘மலே’, ‘புதுவை’ என்று மூன்று குறுக்கங்களைப் போடுவதற்கு எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவையில்லை. ஊர் அறிந்த ஓர் ஆசிரியர் தேவை.

காலத்தைப் பற்றியும் இதே முறையீடுதான். ‘நகரம்’ என்று தலைகீழாகத் தேடினால், பெரிய ஊர் என்ற ஒரு பொருள் மட்டும் கிடைக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஊர், சபை, நகரம் ஆகிய மூன்றும் ஊராளும் அவைகளின் பெயர்கள். பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊரில் கூடுவது சபை, வணிகர் ஊரில் கூடுவது நகரம். அதாவது, ‘முனிசிபல்’ என்பதற்கு ஈடு தேடி நாம் ‘ஆட்சி’ என்று ஒட்டுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ‘நகரம்’ என்ற சொல்லுக்குள் ஆட்சியும் அடங்கியிருந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை எடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கு ஆள் தெரிந்தெடுத்ததைச் சொல்கின்றன; அந்த ‘வாரியம்’ இன்று சென்னைக் குடிநீர் வாரியத்தின் லாரி மீது எழுதப்பட்டுத் தெருத் தெருவாக வருகிறது. தண்ணீர் ஏரியிலிருந்து லாரிக்கு வந்துவிட்டது, சொல் மாறவில்லை. செயலி ‘வாரியம்’ என்பதற்குப் ‘பலகை’ என்று தருகிறது.

பேச்சு வழக்கை அது முற்றிலும் ஒதுக்கியிருப்பதையும் சொல்ல வேண்டும். ‘முனிசிபாலிட்டி’, ‘கார்ப்பரேஷன்’ ஆகியவை தமிழ் எழுத்தில் நாள்தோறும் அச்சாகும் சொற்கள். கார்ப்பரேஷன் ஸ்கூலில் படித்தேன், கார்ப்பரேஷன் தண்ணீர் இன்னும் வரவில்லை, முனிசிபாலிட்டிக்காரர்கள் கொசு மருந்து அடித்தார்கள் என்றுதான் வீட்டில் பேசுகிறோம். சாட்சியம் மொழிபெயர்க்கும்போதும் அப்படித்தான் வருகிறது. செயலியில் தமிழ் எழுத்தில் ‘கார்ப்பரேஷன்’ என்று தேடினால், ‘சொல் கிடைக்கவில்லை, நீங்கள் தேடியது கற்பனையா?’ என்று கேட்கிறது. எழுத்தொற்றுமையை வைத்து இயந்திரம் கேட்கும் கேள்வி அது. கோடைக்காலத்தில் குடிநீர்க் குழாயைத் திறந்து பார்த்தவர்கள் அதை வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் சேவை பற்றி ஒரு குறிப்பு. ஏழு திருத்தங்களை, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, செயலியிலுள்ள கருத்துப் பெட்டி வழியாக அனுப்பினேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு, ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி, எங்கள் மொழிக் குழு பரிசீலிக்கும்’ என்று பதில் வந்தது. அடுத்த புதுப்பிப்பில் ‘முனிசிபல்’ பதிவு உண்மையாகவே மாறியிருந்தது: முன்பு ‘நகராட்சி சார்ந்த’ என்று இருந்த இடத்தில், இப்போது ‘நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி சார்ந்த’ என்று இருக்கிறது. எது எங்கே என்று சொல்லும் ஒரு வரி கிடையாது. காற்புள்ளிகள் மட்டும் கூடியிருக்கின்றன. உள்நாட்டுச் சட்டம் இன்னும் நகராட்சிச் சட்டமாகவே இருக்கிறது. கவுன்சிலர் இன்னும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பள்ளி மாணவர்களுக்கும், ஆங்கில நாளிதழைப் படிக்கப் பழகுபவர்களுக்கும், ஒலிப்பைச் சரிபார்க்க விரும்புபவர்களுக்கும் 599 ரூபாய் வீணாகாது. மனுவோ அறிவிப்போ ஒப்பந்தமோ எழுதுபவர்கள், தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதியை மேசையைவிட்டு நகர்த்த வேண்டாம். அதோடு, சொத்து எந்த அமைப்பின் எல்லைக்குள் இருக்கிறது என்று வந்தவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எந்த அகராதியையும்விட விரைவானது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லை. ஐந்துக்கு இரண்டரை விண்மீன் கொடுத்திருக்கிறேன். அந்த அரை, டஸ்குலத்துக்காக.